விடுமுறைக்கு எந்த இருட்டுக் கதை? லிம்போ, லிட்டில் நைட்மேர்ஸ், பிராம்பிள்

சித்திரைத் திருவிழாவுக்கு ஒவ்வோர் ஆண்டும் திருப்பூரிலிருந்து அண்ணன் குடும்பம் திருநகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அழகர் ஆற்றில் இறங்கி, பூப்பல்லக்கும் முடிந்து, மலைக்குத் திரும்பிய பிறகு மற்றவர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அண்ணன் மகள் மட்டும் பத்து நாட்கள் என்னோடு தங்குவாள். இந்த ஆண்டு அவளுக்குப் பதினான்கு வயது நிறைந்திருக்கிறது. "அத்தை, இந்தத் தடவ ஒரு பேய்க் கேமை முழுசா முடிச்சிரணும்" என்று ஒன்பதாம் வகுப்புத் தேர்வு முடிந்த அன்றே போனில் சொல்லிவிட்டாள். என்னிடம் இருக்கும் கணினி விளையாட்டுகளில் அவள் கேட்கும் வகையைச் சேர்ந்தவை மூன்று: லிம்போ, லிட்டில் நைட்மேர்ஸ், பிராம்பிள்: தி மவுண்டன் கிங். மூன்றையும் நான் தனியாக ஆடி முடித்திருக்கிறேன். ஆனால் தனியாக இருந்து ஆடுவதும், ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஆடுவதும் ஒன்றல்ல என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவள் நான் என்பதால், இந்த முறை நிதானமாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைத்தேன். இதே யோசனையில் இருக்கும் சித்திமார்களுக்கும் மாமன்மார்களுக்கும் அது பயன்படலாம்.

மூன்றும் வடக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவை. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இருக்கும் பிளேடெட் நிறுவனம் உருவாக்கிய லிம்போ 2010-இல் வெளிவந்தது. லிட்டில் நைட்மேர்ஸ் ஸ்வீடனின் மால்மோ நகரத்து டார்சியர் ஸ்டுடியோஸ் உருவாக்கி, 2017-இல் பந்தாய் நாம்கோ வெளியிட்டது. பிராம்பிள் 2023-இல் வந்தது. அதைச் செய்த டிம்ஃப்ராஸ்ட் நிறுவனமும் ஸ்வீடனைச் சேர்ந்ததுதான். மூன்றிலும் ஒரு சின்னப் பிள்ளை, அதன் அளவுக்குச் சற்றும் பொருந்தாத பெரிய உலகத்தில் அகப்பட்டுக்கொள்கிறது. எதிர்த்து நிற்க அதற்கு வலிமை கிடையாது. ஒளிவது, ஓடுவது, ஏறுவது, எதையாவது தள்ளி வழி உண்டாக்குவது ஆகியவற்றைக் கொண்டே பெரும்பாலும் தப்பிக்க வேண்டும். பிள்ளை சிறியது, தின்ன வருவது பெரியது என்ற இந்த அமைப்பு நமக்குப் புதிதன்று. முற்றத்துக் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு என் அப்பத்தா சொன்ன கதைகளில் பாதி இப்படித்தான் இருந்தன.

பட்டுத் தெரிந்துகொண்டேன் என்றது பிராம்பிளை வைத்துத்தான். சென்ற அரையாண்டு விடுமுறையில் அவள் வந்திருந்தபோது, படம் அழகாக இருக்கிறதே என்ற ஒரே காரணத்துக்காக அதைத் திறந்தேன். நள்ளிரவில் அக்காள் லில்லமோரைத் தேடிச் சன்னல் வழியாக வெளியேறும் ஓலே என்ற சிறுவன், காட்டுக்குள் போய்க் காளான் உயரத்துக்குச் சிறுத்துவிடுகிறான். பாசி படர்ந்த வேர்களும், நிலவொளியும், சிவப்புக் குல்லாய்க் குட்டி மனிதர்களோடு ஆடும் கண்ணாமூச்சியும் பார்த்து அவள் கைதட்டிச் சிரித்தாள். சிறிது நேரத்தில் அக்காளைப் பூதம் தூக்கிக்கொண்டு போகிறது. அதற்கப்பால் இறைச்சி வெட்டும் இடமும் இரத்தமும் வந்தபோது அவள் "அத்தை, லைட்டப் போடுங்க" என்று சொன்னாள்; நான் போட்டேன்; அதோடு நிறுத்தியும் விட்டேன். ஆனாலும் அந்த வாரம் முழுவதும் இருட்டிய பிறகு கொல்லைப்பக்கம் அவள் தனியாகப் போகவில்லை. தவறு விளையாட்டினுடையதன்று, என்னுடையது. விளையாட்டுகளுக்கு வயது வரம்பு குறிக்கும் அமெரிக்கத் தர அமைப்பு அதனைப் பதினேழு வயது நிறைந்தவர்களுக்கு என்று வகுத்திருக்கிறது. அந்த வயதுக் குறிப்பு அட்டையைப் படித்தும் நான் பொருட்படுத்தவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும், மூன்றில் கதைச் செழுமை மிக்கது எது என்று கேட்டால் பிராம்பிள் என்றே சொல்வேன். அதில் வரும் தீய உருவங்கள் எழுதுவோர் கற்பனையில் திடீரென்று முளைத்தவை அல்ல. ஸ்காண்டிநேவிய நாட்டார் நம்பிக்கையில் நெடுங்காலம் வாழ்ந்தவை. நீர்நிலையில் அமர்ந்து வயலின் வாசித்து, கேட்பவரைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொள்ளும் நெக்கன்; முன்னால் பார்த்தால் பேரழகியாகவும் முதுகுப்புறம் உளுத்த மரம் போலப் பொந்தாகவும் இருக்கும் காட்டுப்பெண்; கொள்ளைநோயே கிழவியாகி ஊர் ஊராக வருவதாகச் சொல்லப்படும் பெஸ்டா. பெஸ்டாவின் கையில் சருகு கூட்டும் வாரி இருந்தால் அதன் பற்களுக்கு இடையே தப்பிச் சிலர் பிழைப்பார்கள், துடைப்பம் இருந்தால் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள் என்பது அந்த நாட்டு வழக்கு. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகி, மாரியின் வருகை என்று பேசி வளர்ந்தவர்களுக்கு, நோய்க்கு உருவம் கொடுக்கும் இந்த மனம் உடனே பிடிபட்டுவிடும். ஆட்டத்தின் இடையிடையே கிடைக்கும் கதைப் புத்தகங்கள், இந்த உருவங்களுக்குப் பின்னால் மனிதத் துயரம் ஒன்று இருப்பதைச் சொல்கின்றன. கொலையுண்டவர்களும் நியாயம் கிடைக்காமல் செத்தவர்களும் தெய்வமாகி நிற்கும் மண் நம்முடையது. மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரனுக்கு மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கு வாசலிலேயே இடம் இருக்கிறது. ஆகவே பிராம்பிளின் பூதங்களைப் பார்த்து அஞ்சுவதோடு நில்லாமல், அவற்றுக்காக வருந்தவும் நம்மால் முடியும். அந்த வருத்தம் வந்து சேர்வதற்குக் கொஞ்சம் வயது வேண்டும் என்பதே என் கருத்து.

இன்னொரு தடையும் உண்டு, அது மொழி. பிராம்பிளை ஒரு குரல் ஆங்கிலத்தில் கதையாகச் சொல்லிக்கொண்டே போகிறது. கதைப் புத்தகங்களையும் படித்தால்தான் முழுப்பொருள் விளங்கும். தமிழில் எதுவும் இல்லை. தமிழ்வழியில் படிக்கும் என் அண்ணன் மகளுக்கு நான் வரிக்கு வரி சொல்ல வேண்டியிருந்தது. சொல்லி முடிப்பதற்குள் திரையில் வேறொன்று நடந்துவிடும். பயம் ஒரு பக்கமும் விளக்கம் இன்னொரு பக்கமுமாகப் பிரிந்துபோகும். லிம்போவிலும் லிட்டில் நைட்மேர்ஸிலும் கதைமாந்தர் எவரும் பேசுவதே இல்லை. இரண்டும் முழுக்க முழுக்கக் கண்ணுக்கும் காதுக்கும் சொல்லப்பட்ட கதைகள் என்பதால், திருப்பூர்ப் பிள்ளையும் கோபன்ஹேகன் பிள்ளையும் அவற்றின் முன்னால் சமம்.

லிம்போவுக்கு நிறம் கிடையாது. கறுப்பு, வெள்ளை, இடையில் புகை போன்ற சாம்பல். கண்கள் மட்டும் இரு வெண்புள்ளிகளாகத் தெரியும் சிறுவன் ஒருவன் காட்டில் விழித்தெழுந்து, தன் சகோதரியைத் தேடி வலப்புறமாக நடக்கத் தொடங்குகிறான். நடப்பது, குதிப்பது, ஒன்றைப் பிடித்து இழுப்பது ஆகியவை மட்டுமே அவனுக்குத் தெரியும். அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பனுக்குச் சிலை காணக் கிடைக்காது. சந்தனம் பூசிய மூடிய கதவின் முன்னால்தான் நிற்கிறோம். காணாத ஒன்றின் முன்னால் நிற்பதால் வரும் சிலிர்ப்பு, கண்டதனால் வரும் சிலிர்ப்பைவிட ஆழமானது. பக்தியையும் விளையாட்டையும் ஒன்றாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. மறைத்து வைப்பதன் வலிமையை நான் முதலில் உணர்ந்த இடம் அது. லிம்போவை ஆடியபோது அந்த நினைவே வந்தது. அதன் பெரிய சிலந்தியை முதலில் பார்க்கும்போது மரத்துக்குப் பின்னாலிருந்து நீளும் கால்கள்தாம் தெரியும், உடல் தெரியாது. ஒலியை அமைத்த மார்ட்டின் ஸ்டிக் ஆண்டர்சன், இசை என்று தனியாகக் கேட்கும்படி எதையும் ஏறக்குறைய வைக்கவில்லை. காற்றும் நீரும் இயந்திர முனகலும்தான் கேட்கின்றன.

அந்த ஒலிதான் எங்கள் வீட்டில் லிம்போவுக்குச் சிக்கலாகிறது. ஹெட்போன் போட்டால் ஒருவருக்கு மட்டுமே கேட்கும். ஸ்பீக்கரில் வைத்தால், சித்திரை வெயிலுக்கு முழு வேகத்தில் சுழலும் மின்விசிறியும் வாசலில் போகும் ஆட்டோவும் சேர்ந்து அந்த மெல்லிய ஒலிகளை விழுங்கிவிடும். ஒலியை இழந்த லிம்போ, புதிர்களின் வரிசையாகக் குறைந்துபோகிறது. இரண்டாவது சிக்கல், அதன் கற்பிக்கும் முறை. பொறி எங்கே இருக்கிறது என்பதை அதில் சிக்கிச் செத்துத்தான் பெரும்பாலும் தெரிந்துகொள்ள வேண்டும். கரடிப்பொறியில் தலை போகும், நீரில் மூழ்கும், சிலந்தியின் கால் துளைக்கும், ஒவ்வொரு முறையும் சில வினாடிகளில் சிறுவன் மறுபடி நிற்பான். தனியாக ஆடும் பெரியவருக்கு அது பொறுமையின் பயிற்சி. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் பிள்ளைக்கோ, ஒரு சிறுவன் திரும்பத் திரும்பச் சாவதைக் காண்பதாக ஆகிவிடுகிறது; அதில் அச்சம் முதலில் மரத்துப்போகும், பிறகு சலிப்பு வரும். பாதிக்கு மேல் காடு மறைந்து, பல்சக்கரங்களும் ஈர்ப்புவிசையைத் திருப்பும் கருவிகளும் நிறைந்த தொழிற்சாலையாக அது மாறிவிடுவதையும் சொல்ல வேண்டும். முதல் பாதியின் கதைத்தன்மையை எண்ணி வந்தவர்களுக்கு அங்கே ஏமாற்றம் உண்டு, எனக்கும் உண்டாயிற்று.

லிட்டில் நைட்மேர்ஸைப் பற்றி எழுதும்போது எனக்கு அப்பத்தாவின் குரல் கேட்காமல் இருப்பதில்லை. அப்பத்தாவுக்குப் பிறந்த ஊர் வத்திராயிருப்புப் பக்கம். நல்லதங்காள் விழுந்ததாகச் சொல்லும் கிணறும் அவளுக்கான கோயிலும் அங்கே அர்ச்சுனாபுரத்தில் இருக்கின்றன. பஞ்சம் பிழைக்க ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடி வருகிறாள் நல்லதங்காள். அண்ணன் நல்லதம்பி வேட்டைக்குப் போயிருக்கிறான். அண்ணி மூளி அலங்காரி வாசல் கதவை அடைக்கிறாள், ஓட்டைப் பானையும் பச்சை விறகும் கொடுத்துச் சமைக்கச் சொல்கிறாள். கடைசியில் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுகிறாள். அப்பத்தா அதைச் சொல்லும்போது கிணற்றைவிட அந்தப் பானையைப் பற்றித்தான் அதிகம் சொல்வார். பசித்த பிள்ளைகள் பானையையே பார்த்துக்கொண்டிருந்தன என்பார். பேய் ஒன்றுகூட வராத அந்தக் கதைதான் நான் கேட்டதிலேயே பயங்கரமான கதை. பசியை விடப் பெரிய பூதம் இல்லை என்பது எனக்கு அங்கே புரிந்தது.

லிட்டில் நைட்மேர்ஸ் பசியின் கதை. அதை அறிவித்தபோது அதற்கு வைத்திருந்த பெயரே 'பசி' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்தான். கடலுக்கடியில் கிடக்கும் மா என்ற பெருங்கலத்தில் மஞ்சள் மழைக்கோட்டு அணிந்த சிக்ஸ் என்ற சிறுமி விழித்தெழுகிறாள். அங்கே ஊதிப் பெருத்த விருந்தினர்கள் கூட்டங்கூட்டமாக வந்து, மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, எதைத் தின்கிறோம் என்ற கேள்வியே இல்லாமல் தின்றுகொண்டிருக்கிறார்கள். சிக்ஸுக்கோ நடக்க நடக்க வயிறு சுருண்டு பசி வருகிறது; நடை தளர்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள். முதல் முறை கம்பிகளுக்கு அப்பால் இருக்கும் ஒரு பையன் ரொட்டித் துண்டு ஒன்றை எறிகிறான். அடுத்தடுத்த முறைகளில் அவள் எதைத் தின்கிறாள் என்பதே இந்த விளையாட்டின் உயிர். அதை இங்கே சொல்லிவிடுவது நியாயமன்று. விருந்தினர்களின் தீனியும் சிறுமியின் பசியும் ஒரே வீட்டில் இருப்பதைப் பார்த்துக்கொண்டே போகும்போது, யார் பூதம் என்ற கேள்வி மெல்ல மெல்ல இடம் மாறுகிறது. வசனம் ஒன்றுகூட இல்லாமல் அதைச் செய்திருக்கிறார்கள் என்பதால்தான் அதன்மேல் எனக்கு இவ்வளவு மதிப்பு.

இருவர் சேர்ந்து ஆடுவதற்கு அது பொருந்துவது இன்னொரு காரணத்தால். அதன் ஆபத்துகள் பெரும்பாலும் முன்கூட்டியே தம்மை அறிவித்துவிட்டுத்தான் வருகின்றன. காவலாளிக்குக் கண் தெரியாது. மிக நீண்ட கைகளால் தடவிக்கொண்டும் காதால் கேட்டுக்கொண்டும் வருவான். மரப்பலகைத் தரையில் நடந்தால் கிறீச்சிடும், விரிப்பின் மேல் நடந்தால் ஓசை வராது. இதைப் பக்கத்தில் இருப்பவர் கவனித்து, "அங்கே விரிப்பு இருக்கு, அதுல போங்க" என்று சொல்ல முடிகிறது. ஒரு மாலை காவலாளி வரும் பகுதியில் சில நிமிடங்களை மட்டும் அவளுக்குக் காட்டியபோது, குரலைத் தாழ்த்தி, காவலாளிக்குக் கேட்டுவிடுமோ என்பது போல அவள் என் காதருகே பேசியது எனக்கு நினைவிருக்கிறது. லிம்போவில் பார்ப்பவருக்கு வேலை குறைவு. பிராம்பிளில் பெரும் பூதங்களோடு மோதும் இடங்களில் ஆடுபவரின் விரல் வேகம்தான் தீர்மானிக்கிறது. லிட்டில் நைட்மேர்ஸில் மட்டுமே இரண்டாவது ஆளுக்கு உண்மையான பங்கு கிடைக்கிறது. அடுக்களையில் இரட்டைச் சமையல்காரர்களின் கண்ணில் படாமல் மேசைக்கடியில் பதுங்கிப் போகும் பகுதியை, வழி பார்ப்பவர் ஒருவரும் ஓடுபவர் ஒருவருமாகப் பிரித்துக்கொண்டு ஆடலாம்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. முப்பரிமாண அறைகளைப் பக்கவாட்டிலிருந்து காட்டுவதால், ஒரு பலகையின் நடுவில் நிற்கிறோமா விளிம்பில் நிற்கிறோமா என்பது பல நேரங்களில் தெரியாது. விழுந்த பிறகே தெரியும். பிடிக்கும் விசையை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் சிக்ஸ் ஒன்றைப் பற்றியிருப்பாள் என்பதால், கீபோர்டில் விரல்கள் சிக்கிக்கொள்ளும். கன்ட்ரோலர் ஒன்றைக் கடனாகவாவது வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அவற்றைவிட முக்கியமானது, தொடக்கத்திலேயே வரும் ஓர் அறை. தூக்கில் தொங்கும் ஒருவரின் உருவம் அங்கே இருக்கிறது. கீழே கடிதமும் கிடக்கிறது. அண்மையில் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒரு சாவைக் கண்ட பிள்ளையாக இருந்தால், இந்த விளையாட்டே வேண்டாம் என்று சொல்வேன். மற்றப் பிள்ளைகளுக்கும், அந்த அறைக்கு முன்னால் நிறுத்தி, வரப்போவதைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க அமைப்பு இதனைப் பதின்ம வயதினருக்கு என்றும் ஐரோப்பிய அமைப்பு பதினாறு வயது நிறைந்தவர்களுக்கு என்றும் வகுத்திருக்கின்றன. அந்த இடைவெளியில்தான் பதினான்கு வயது நிற்கிறது. அட்டை அதைத் தீர்க்காது, பிள்ளையை அறிந்த பெரியவர்தான் தீர்க்க வேண்டும். என் அண்ணன் மகள் இரத்தத்தைக் கண்டு ஒடுங்குபவள், ஆனால் மர்மத்தையும் துயரத்தையும் பற்றி இரவெல்லாம் கேள்வி கேட்பவள். அந்த அளவில் லிட்டில் நைட்மேர்ஸ் அவளுக்கு ஏற்றது. அதில் இரத்தம் மிகக் குறைவு.

கணினியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப்பில் லிம்போ தடையின்றி ஓடும். லிட்டில் நைட்மேர்ஸுக்குச் சுமாரான கார்டாவது வேண்டும், பிராம்பிளுக்கு அதைவிட நல்லது வேண்டும். முதல் இரண்டும் மொபைலிலும் கிடைக்கின்றன என்றாலும், இருட்டு அறைகளைக் கையகலத் திரையில் இருவர் பார்ப்பது கண்ணுக்குத் துன்பம். மூன்றுமே இடையிடையே தாமாகச் சேமித்துக்கொள்வதால், மாதாந்திர மின்தடை நாளில் பாட்டரி தீர்ந்து அணைந்தாலும் சில நிமிட ஆட்டம் மட்டுமே வீணாகும். லிம்போவும் லிட்டில் நைட்மேர்ஸும் நான்கு மணி நேரம் அளவில் முடிந்துவிடும். பிராம்பிள் அவற்றைவிடச் சற்று நீளம். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் இணையக் கடையில் கோடைக்காலத் தள்ளுபடி வரும்போது பழைய இரண்டும் மிக மலிவாகக் கிடைக்கும்.

தொடர்ச்சிகளை வாங்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். 2021-இல் வந்த லிட்டில் நைட்மேர்ஸ் இரண்டாம் பாகத்தில், காகிதப் பையைத் தலையில் மாட்டிய மோனோ என்ற சிறுவன் சிக்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். கழுத்தை நீட்டி நீட்டி அறை முழுவதும் தேடும் ஆசிரியை வரும் பள்ளிக்கூடப் பகுதி, மூன்று விளையாட்டுகளையும் சேர்த்துப் பார்த்தாலும் எனக்கு மிகுந்த பயம் தந்த இடங்களில் ஒன்று. ஆனால் முதல் பாகத்தை ஆடாமல் அதன் முடிவு உறைக்காது. 2025 அக்டோபரில் சூப்பர்மாசிவ் கேம்ஸ் செய்து வெளிவந்த மூன்றாம் பாகத்தை இருவர் சேர்ந்து ஆடலாம் என்று கேள்விப்பட்டுப் பலர் அதையே நேராக வாங்க நினைக்கிறார்கள். அந்த வசதி இணையம் வழியாக மட்டுமே உண்டு. ஒரே அறையில் ஒரே கணினியின் முன்னால் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் இருவருக்கு அது உதவாது. அவள் திருப்பூர் திரும்பிய பிறகு, இங்கிருந்து நானும் அங்கிருந்து அவளுமாக ஆடுவதற்கு வேண்டுமானால் அது பொருந்தும்.

ஆகவே இந்தப் பத்து நாட்களுக்கு லிட்டில் நைட்மேர்ஸ் என்று முடிவு செய்திருக்கிறேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எட்டு மணிக்குத் தொடங்கி, ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று ஐந்து இரவுகளில் முடிப்பதாகத் திட்டம். கன்ட்ரோலர் அவள் கையில் இருக்கும். வழி பார்ப்பது நான். விளக்கைப் போடச் சொன்னால் காரணம் கேட்காமல் போடுவேன். எஞ்சும் நாட்களில் மின்விசிறியை நிறுத்தத் தக்க அளவுக்கு ஓர் இரவு குளிர்ந்தால், லிம்போவின் காட்டுப் பகுதியை மட்டும் ஆடிப் பார்க்கலாம். பிராம்பிளைக் கணினியிலிருந்து நீக்கவில்லை; பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வரட்டும், நெக்கனின் வயலினை அன்றைக்குச் சேர்ந்து கேட்போம்.

வேறொன்றும் மனத்தில் இருக்கிறது. நல்லதங்காள் கதையை அவளுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை என்று அண்ணனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சிக்ஸுக்கு முதல் பசி வந்து, அந்த ரொட்டித் துண்டு அவள் கைக்குக் கிடைத்ததும், அன்றைய ஆட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, மாடியில் பாய் விரித்து, அப்பத்தா சொன்ன அதே வரிசையில் பானையிலிருந்து தொடங்கலாம் என்று இருக்கிறேன்.